அத்தா தினம் ஒன்றாகக் கேட்ட கேள்விகள்

என் பிரியமான அத்தாவுக்கு,

உங்கள் மகள் ஜமீலா சலாம் சொல்லி எழுதுவது. முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உங்களுக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன். இருந்தவரை, தபால்காரர் எதைக் கொடுத்தாலும் பிரிக்காமல் என்னிடம் நீட்டி, "இன்னா போட்டுக்கீது, பாரும்மா" என்பீர்கள். இதை அங்கே யார் உங்களுக்குப் படித்துச் சொல்வார்கள்? அதோடு, நாலு பேர் நடுவே வாய் திறக்கக் கூசுகிற நான், நம் வீட்டுப் பேச்சை ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

நீங்கள் போன பத்தாம் நாள் சங்கத்துச் செயலாளர் வந்திருந்தார். அவர்களுடைய ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "டெலிவிஷன்ல ஜெயிச்ச பொண்ணு, படிக்கவெச்ச தகப்பனாரைப் பத்தி எழுதினா பொருத்தமா இருக்கும்மா" என்றார். சரி என்று தலையாட்டினேன். அன்று எனக்கு உங்களைப் பற்றி எழுத நிறைய இருந்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குக் கன்னியப்பன் மாமா வந்துவிட்டுப் போன பிறகு அதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அத்தா.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பஜார் தெரு டீக்கடையை உங்கள் தம்பி, சின்னத்தாதான் பார்த்துக்கொள்கிறார். டீயில் ஏலக்காய் போடுவதை நிறுத்திவிட்டார் என்று பழைய ஆட்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அம்மா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறார். வாசல் பக்கம் வருவதில்லை. தாலுகா ஆபீசில் என் தற்காலிக வேலையை நீட்டித்திருக்கிறார்கள். அங்கே என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. "டி.வி. பொண்ணு, அந்த ஃபைலை எடு" என்பார்கள். இரண்டு வருடமாக அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வேன். இப்போது கேட்டால் காது சுடுகிறது.

போட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்பட்டில் எல்லா மதத்தவரும் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம் அது. சென்னைக்கு டெலிவிஷன் வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் அவர்களுக்குக் கிடைத்தது. சமய வினாடி வினா நடத்தினார்கள். அதில் ஒரு விதி. யாரும் தன் மதத்தைப் பற்றிப் பதில் சொல்லக் கூடாது, அடுத்தவர் மதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஜெயித்தவருக்குக் கையில் எதுவும் கிடையாது. அவர் யாருக்காக விளையாடுகிறாரோ அவர்களுக்கு வேண்டிய ஒரு காரியத்தைச் சங்கம் செய்துகொடுக்கும்.

மூன்று பேர் போனோம். முன்னதாகவே சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது நம் மாவட்டத்துப் பெருமாள் கோயில்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் சாயங்காலப் பள்ளி நடத்துகிற ஆரோக்கியமேரி டீச்சருக்கு இஸ்லாம். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு அதிகாரிக்குக் கிறிஸ்தவம்; அவர் முதல் சுற்றிலேயே சிரித்துக்கொண்டு விலகிவிட்டார். நான் நம் தெருக்கோடி அநாதைப் பெண்கள் விடுதிக்காக விளையாடினேன். அவர்கள் முற்றத்தில் ஒரு அடிகுழாய் வேண்டும். டீச்சர் தன் பள்ளிக்கு ஒரு கொட்டகை கேட்டார். வலை காயப்போடும் மணலில் உட்கார்ந்துதான் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள்.

கல்லூரியில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் அழுதுகொண்டு வந்தது நினைவிருக்கிறதா? "போ, போய்ட்டு வா" என்றீர்கள். எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின வருடம்தான் கல்லூரி விழாவில் நன்றியுரை சொல்ல மேடை ஏறி, தலைவர் பெயரோடு நாக்கு ஒட்டிக்கொண்டு, தாளை மடித்துக்கொண்டு இறங்கினேன். அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றிருந்தீர்கள். திரும்பி வரும்போது ஒன்றும் கேட்கவில்லை. ரயில்வே கேட் வந்ததும், "மைக்கு சரியில்ல" என்றீர்கள். அவ்வளவுதான்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஜமீலா, திருவிடந்தை கோயில்ல சாமி அம்மாவ எந்தப் பக்கம் வெச்சிக்கினு கீறாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது இன்னாத்தா கேள்வி? யாரு கேட்டா?"

"கடையில பேசிக்கினாங்க. தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றேன். "பின்ன பி.ஏ. இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். மறுநாள் கல்லூரி நூலகத்தில் தேடி, இடப்பக்கம் என்று வந்து சொன்னேன். "அப்படியா" என்று தலையை ஆட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்டீர்கள். மலையையும் சேர்த்துச் சுற்றினால்தான் மூலவரை வலம் வர முடிகிற கோயில் எது? சிங்கப்பெருமாள் கோயில் என்று அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அங்கே நரசிம்மருக்கு நெற்றியில் கண் உண்டென்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதைச் சொன்னதும் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் என்னைப் பார்த்தீர்கள். "நெத்தியிலயா?" என்றீர்கள்.

தினம் ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்றுதான். நான் பார்க்காதபோது அம்மாவிடம் போய், "இன்னிக்கு சொல்லிட்டாளா?" என்று கேட்பீர்களாம்.

மாமல்லபுரத்துப் பெருமாள் பாம்புப் படுக்கை இல்லாமல் வெறுந்தரையில் ஏன் படுத்திருக்கிறார் என்று கேட்டீர்களே, அதற்குப் புத்தகத்தில் சரியான பதில் கிடைக்கவில்லை. பஸ் ஏறி நானே போனேன். கோயில் வாசலில் தயங்கி நின்றவளைப் பூக்காரி ஒருத்தி கூப்பிட்டாள். "பாய் வூட்டுப் பொண்ணா நீ? உள்ள வராட்டி இன்னா, சாமி கத நா சொல்றேன், குந்து." தாமரைப் பூவைக் கடலுக்குள் இருக்கிற பெருமாள் காலில் போடவேண்டுமென்று ஒரு ரிஷி கடலையே கையால் இறைத்துக்கொண்டிருந்தாராம். பெருமாள் கிழவனாக வந்து பசிக்கிறது என்றாராம். ரிஷி சோறு கொண்டுவரப் போயிருந்த நேரத்தில் அப்படியே கரையில் படுத்துவிட்டாராம். "பாம்பக் கூட்டியாற நேரம் இல்ல கண்ணு, அவசரம்" என்றாள். இதை வந்து உங்களிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தீர்கள். "பசிச்சவன் கத எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்றீர்கள்.

அத்தா, நான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு நமக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. கோபம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு என்னிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை, எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பீஸ் கட்ட வேண்டும், பஸ் வரவில்லை, இவ்வளவுதான். அந்த ஒரு மாதம்தான் நீங்கள் வருகிற செருப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். நான் படித்ததனால் உங்களுக்கும் தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். இனிமேல் நாம் இப்படியே பேசிக்கொண்டிருப்போம் என்று நினைத்தேன். ஒரு நோட்டுப் போட்டு, 'அத்தா கேட்டவை' என்று மேலே எழுதி, ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை. "கடைய யாரு பாக்கறது?" என்று அம்மாவையும் சின்னத்தாவையும் என்னோடு ரயிலில் அனுப்பினீர்கள். நேரடி ஒளிபரப்பு. விளக்குச் சூட்டில் என் முந்தானை ஈரமாகிவிட்டது. நன்றியுரை மேடையே திரும்ப வந்தது போலிருந்தது. அப்போது கேள்வி கேட்பவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் கேள்வியைப் படித்தார். திருவிடந்தை. எந்தப் பக்கம்?

உங்கள் குரலில்தான் அது கேட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

பத்துக் கேள்வியில் பத்தும் நீங்கள் கேட்டவை. சந்தேகமே வரவில்லையா என்று இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். வரவில்லை. சந்தேகம் என்பது மற்றவர்கள்மேல் வருவது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படித்த பெரியவர்கள் எதையெல்லாம் முக்கியம் என்று நினைக்கிறார்களோ, அதையெல்லாம் என் அத்தா டீ ஆற்றிக்கொண்டே யோசித்திருக்கிறாரே என்று. கடைசியில் கேட்பவர், "இவ்வளவு தயாரிப்பு எப்படிம்மா?" என்றபோது, வாழ்க்கையில் முதல்முறையாகக் கூச்சமில்லாமல் பேசினேன்.

"எங்க அத்தாவுக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா நீங்க இன்னிக்குக் கேட்டது எல்லாத்தையும் அவரு முன்னாடியே கேட்டுட்டாருங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். கேட்பவர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆரோக்கியமேரி டீச்சரும் முதல் ஒன்பதைச் சரியாகச் சொல்லியிருந்தார். அவருடைய கடைசிக் கேள்வி: பேரீச்சம்பழம் கிடைக்காவிட்டால் எதைக் கொண்டு நோன்பு திறப்பது விரும்பத்தக்கது? டீச்சர் முகம் மலர்ந்தது. ஒரு விநாடிகூட யோசிக்காமல், "நோன்புக் கஞ்சி!" என்றார். தண்ணீர் என்பது பதில். நம் பக்கத்தில் பிறந்த யாராக இருந்தாலும் கஞ்சி என்றுதான் சொல்லியிருப்பார்கள். வருடா வருடம் பள்ளிவாசலிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வாங்கிக் குடித்த வாய் வேறென்ன சொல்லும்? அரங்கில் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு ஆறுதலாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மாட்டுவதற்குச் சுவர் இல்லை என்று அவர் சொன்னதற்கும் சிரித்தோம்.

மறுநாள் தெரு முழுக்க உங்களைப் பற்றித்தான் பேச்சு. ரேடியோக் கடை வாசலில் நின்று பார்த்தீர்களாம். ஒவ்வொரு கேள்வியும் முடிவதற்குள் உங்கள் உதடு அசைந்துகொண்டிருந்ததாம். "பாய் பொண்ணுக்காக துஆ கேட்டுக்கினே கீறாரு" என்று பக்கத்திலிருந்தவர்கள் சத்தம் போடாமல் நின்றார்களாம். இதை எத்தனை பேரிடம் நான் சொல்லியிருப்பேன்!

அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய், புதன் என்று காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாப்பாடு போடும்போது நானே கேட்டேன். "இன்னாத்தா, இன்னிக்கு கேள்வி இல்லியா?"

"எல்லாம் முடிஞ்சிச்சேம்மா" என்றீர்கள்.

களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தீர்கள். ஒரு கேள்வி இல்லை. மறுபடி பஸ், பீஸுக்குப் பதில் சம்பளம். ஒரு சாயங்காலம் பாய்லர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டீர்கள்.

நாற்பதாம் நாள் கன்னியப்பன் மாமா வந்தார். நம் கடைக்குப் பக்கத்தில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் மிஷினில் நகல் எடுத்துக் கொடுக்கிறவர். மை அப்பிப்போன தாள்களை அவர் உங்களுக்குக் கொடுப்பதும், நீங்கள் அதில் போண்டா மடித்துக் கொடுப்பதும் எனக்குத் தெரியும். பஜார் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சாப்பிட்டு முடித்து, கை துடைத்துக்கொண்டு, உங்களைப் புகழ்வதற்காகத்தான் ஆரம்பித்தார்.

"பாய் மாதிரி ஒரு மூளைய நா பாத்ததில்ல, ஜமீலா. எழுத்து ஒண்ணு தெரியாது. ஆனா அந்தக் கேள்வி முப்பதும் மண்டையிலயே வெச்சிக்கினு இருந்தாரு."

"எந்தக் கேள்வி மாமா?"

"உன் போட்டிக் கேள்விதான். முப்பது போட்டுக் குடுத்தாங்க, டி.வி.யில கேட்டது பத்து. சங்கத்துக்காரங்க நம்மகிட்டதானே நகல் எடுத்தாங்க. மொத நாலு தாளு மை அப்பிக்கிச்சி. எப்பவும் போல கடைக்குப் போட்டுட்டேன். ஒரு லாரிக்காரன் போண்டாவத் தின்னுட்டு, பேப்பரப் பாத்து, 'இன்னா பாய், பெருமாளு அம்மாவ எந்தப் பக்கம் வெச்சிக்கினு கீறாருன்னு போட்டுக்கீது'ன்னு படிச்சான் பாரு. பாய்க்கு மூஞ்சியே மாறிடிச்சி. வாங்கினவன் கையிலேருந்தெல்லாம் புடுங்கறாரு. 'போண்டாவ வாயில வை, பேப்பர இங்க குடு'ங்கறாரு."

எனக்கு இன்னும் புரியவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"எங்கிட்ட எடுத்தாந்தாரு. எனக்கு உசுரே இல்ல. 'கிழிச்சிப் போடு பாய், எம் பொழப்பு போயிடும்'னேன். 'கிழிக்கறேன் கன்னியப்பா, அதுக்கு மின்ன தெனம் ஒண்ணு படிச்சிக் காட்டு'ன்னாரு. மொத்தமா எழுதிக் குடுக்கறேன், பொண்ணுகிட்ட குடுத்துடுன்னேன். 'அது வாங்காது. கிழிச்சி எம் மூஞ்சிலயே போடும்'னாரு. ரெண்டு ரெண்டா சொல்றேன்னாலும் கேக்க மாட்டாரு. ரெண்டு சொன்னா வூட்டுக்குப் போறதுக்குள்ள ஒண்ணு வுழுந்துடுமாம்!" என்று சிரித்தார். "நீ டி.வி.யில, அத்தா எல்லாம் முன்னாடியே கேட்டுட்டாருன்னு சொன்னே பாரு, ரேடியோக் கடை வாசல்ல நா பாதி உசுராப் பூட்டேன். பாய் என் கையப் புடிச்சிக்கினாரு. இன்னா புடி! நகம் பதிஞ்சி போச்சி."

என் முகத்தைப் பார்த்து அப்போதுதான் நிறுத்தினார். "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

நீங்கள் செருப்பைக் கழற்றாமல் நின்றது எனக்கு அன்று புரிந்தது. ஆசையில் இல்லை. மறந்துவிடுமோ என்ற பயத்தில்.

அவர் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். அம்மா சட்டி கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. "தெருமொனையிலேருந்து முணுமுணுத்துக்கினே வருவாரு. எனக்குத் தெரியாம இருக்குமா?" என்றார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ அப்ப சிரிச்சிக்கினு இருந்தே."

அன்றைக்கே கன்னியப்பன் மாமாவின் கடைக்கு ஓடினேன். நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவரிடமாவது சொல்லியிருப்பீர்களே! சொல்லியிருக்கிறீர்கள். "அதுக்கு எல்லாம் தெரியும் கன்னியப்பா. வாய்தான் தொறக்காது. பழகின கேள்வியா இருந்தா தொறக்கும்." இப்படிச் சொன்னீர்களாமே.

அத்தா, மைக்கு சரியில்லை என்று சொன்னீர்களே! அதை நான் நம்பினேன். நீங்களும் அப்படியே நம்புகிறீர்கள் என்று நம்பினேன். இரண்டாம் தடவை என் வாய் திறக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோற்றிருப்பேன். அடிகுழாய் வந்திருக்காது. ஆனால் தோற்றது நானாக இருந்திருக்கும். ஜெயித்தது யார்? இந்த இரண்டு வருடமும் தாலுகா ஆபீசில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது யார்?

இதைவிட எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அந்த ஒரு மாதத்து மத்தியானங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சங்கத்திலிருந்து பழைய கேள்வித்தாளை வாங்கிவந்து, என் நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. வரிசைகூட மாறவில்லை. நெற்றிக்கண்ணுக்கு வியந்தீர்களே, அது உண்மையா? பசித்தவன் கதைக்குச் சிரித்தது? அல்லது விடை சரியாக வந்துவிட்டது என்று சிரித்தீர்களா? யாரிடம் போய் இதைக் கேட்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பஸ் ஏறி, இறங்கி, மணலில் நடந்து குப்பத்துக்குப் போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும், "அட, டி.வி. பொண்ணு!" என்று கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஒரு குட்டிப் பெண், "டீச்சர், கஞ்சி!" என்றாள். எல்லாம் கொல்லென்று சிரித்தன. "இன்னிக்கி வரைக்கும் வுட மாட்டேங்குதுங்க பாரு" என்று அவரும் சிரித்தார்.

தனியாகப் பேச வேண்டும் என்றேன். படகு நிழலில் நின்று முழுவதும் சொன்னேன். மன்னிப்பார், பாவம் தகப்பன் மனசு என்பார், தலையைத் தடவுவார் என்று நினைத்துத்தான் போனேன் போலிருக்கிறது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு வருஷமா நா இந்தப் புள்ளைங்ககிட்ட இன்னா சொல்லிக்கினு கீறேன், தெரியுமா?" என்றார். "அந்த அக்கா டீக்கடைக்காரர் பொண்ணு. வூட்டுல யாருக்கும் எழுத்து தெரியாது. ஆனா நல்லா படிச்சிச்சி, என்னியே ஜெயிச்சிச்சி. அது மாரி படிங்கன்னு. தெனம் சொல்றேன். இனிமே இன்னா சொல்லட்டும், நீயே சொல்லு."

"தெரியல டீச்சர்."

"எங்கிட்ட சொல்லிட்டு உம் பாரத்த எறக்கி வெச்சிட்டே. நா எங்க போய் எறக்கறது?"

அவர் சொன்னது சரி. கொட்டகை இன்னும் இல்லை. வலைகளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. நான் திரும்பி நடக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து, "ஏ பொண்ணு, நில்லு" என்றார். "ஞாயித்துக்கிழம நா சர்ச்சுல பூசை முடிச்சி வர நேரமாவுது. அது வரைக்கும் இதுங்க ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கினு கெடக்குதுங்க. உனக்குத் தெரிஞ்சத வந்து சொல்லிக் குடு. தெரியாதத தெரியாதுன்னு சொல்லு."

சங்கத்துச் செயலாளரிடமும் சொல்லிவிட்டேன். "போனவரைப் பத்தி எதுக்கும்மா இதெல்லாம்" என்றார். இந்தக் கடிதத்தை மலரில் போடுவதா வேண்டாமா என்று கூடிப் பேசுவார்களாம். அந்தப் பக்கத்தில் வேறெதையும் எழுத என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கன்னியப்பன் மாமாவிடம், அவர் பெயரையும் எழுதவா என்று கேட்டேன். "எழுதிக்கோ. மிஷினே ரிப்பேரு, எவன் வந்து எங்கிட்ட நகல் எடுக்கப் போறான்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பாய் பேர மட்டும் கொஞ்சம் மெதுவா எழுது" என்றார்.

மெதுவாகத்தான் எழுதியிருக்கிறேனா, அத்தா?

நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் குப்பத்துக்குப் போவேன். நான் எப்படி ஜெயித்தேன் என்பதை அந்தப் பிள்ளைகளிடம் நானே என் வாயால் சொல்வேன். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும், திரும்பச் சொல்வேன். உங்களுக்காகத் துஆச் செய்வதை ஒருநாளும் விடமாட்டேன். கோபமும் இருக்கும், துஆவும் இருக்கும். இரண்டையும் ஒரே கையில் ஏந்திக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இவ்வளவு எழுதியும் இதை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன். என்றாவது நானும் அங்கே வருவேன். அப்போது என்னிடம் ஒரு கேள்வி கேளுங்கள். சாமியைப் பற்றி வேண்டாம், கோயிலைப் பற்றி வேண்டாம். யாரும் படித்துக் காட்டாததாக இருக்கட்டும். என்னிடம் கேட்க வேண்டுமென்று உங்களுக்கே தோன்றியதைக் கேளுங்கள். எனக்குப் பதில் தெரியாமல் போனாலும், என் வாய் திறக்கும்வரை கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள், அத்தா.

உங்கள் ஒரே மகள்,
ஜமீலா